கல்லுக்கு வரி, தண்ணீருக்குக் காவல்: யாழ். குடாநாட்டின் கனியங்களும் மாகாண நிதியும்

வடமராட்சி கிழக்கில் அள்ளிய ஒரு கியூப் மணல் கோப்பாயில் வீடு கட்டும் ஒருவரின் முற்றத்தில் வந்து கொட்டப்படுகிறது. அவர் கொடுக்கும் விலைக்குள் அள்ளியவரின் கூலி, டிப்பர் வாடகை, டீசல், தரகு எல்லாம் அடங்கும். முறைப்படி வந்த மணல் என்றால் புவிச்சரிதவியல் அளவை சுரங்கப் பணியகத்துக்குக் கட்டிய ரோயல்டியும் அனுமதிக் கட்டணமும் சேரும். ஆனால் அந்த டிப்பர் ஓடிப் பள்ளமாக்கிய ஊர்த்தெருவைத் திருத்த வேண்டியது பிரதேச சபை. மணல்மேடு கரைந்ததால் கிணறு உவர்த்தால் பவுசரில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியதும் அதே சபைதான். ரோயல்டியில் அதற்கென ஒரு பங்கை எழுதிவைத்த சட்டம் கிடையாது.

குடாநாட்டின் கனிய வரிச் சிக்கல் முழுவதும் இந்த ஒரு லோட்டுக்குள் இருக்கிறது. வருமானம் கொழும்பை நோக்கிப் போகிறது. சேதம் ஊரில் தங்குகிறது. இதைத் திருத்த மாகாணத்துக்கும் உள்ளூராட்சிச் சபைகளுக்கும் கனிய வருமானத்தில் சட்டப்படியான உரிமை வேண்டும். இதோடு, வரி விவாதங்களில் பலர் விட்டுவிடும் ஒன்றையும் சேர்த்தே சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் எந்த வரியாலும் ஈடுசெய்ய முடியாத இடங்கள் உண்டு. அங்கே வரி விதிக்கக் கூடாது, அகழ்வையே தடைசெய்ய வேண்டும். எங்கே தடை, எங்கே வரி என்று முதலில் கோடு கிழிக்காமல் வரியை மட்டும் சீர்திருத்தினால் ஊரை விற்பதற்குத்தான் வழி செய்தவர்களாவோம்.

கல்லும் தண்ணீரும் ஒன்றே

குடாநாட்டின் அடியில் கிடப்பது மயோசீன் காலச் சுண்ணக்கல். அதன் வெடிப்புகளிலும் குகைகளிலும்தான் ஐப்பசி, கார்த்திகை மழை இறங்கித் தங்குகிறது. ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லாத நிலம் இது. சுண்ணாகத்துத் தோட்டக்காரருக்கும் நல்லூர்க் குடியிருப்பாளருக்கும் குடிநீரையும் பாசனநீரையும் தருவது இந்தக் கல்தான்.

அந்த நன்னீர், கடலிலிருந்து உள்ளே புகுந்த உவர்நீரின் மேல் ஒரு வில்லைபோல மிதக்கிறது. நிலத்தடி நீரியலில் கைபன்–ஹெர்ஸ்பேர்க் என்று அறியப்படும் கணக்குப்படி, கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால் அதன் கீழே சுமார் 40 அடி நன்னீர் இருக்கும். மேல்மட்டம் ஓர் அடி இறங்கினால் அடியிலிருந்து உவர்நீர் அதற்கேற்றபடி மேலேறும். புத்தூர் நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உவர்நீரும் இருப்பது இந்த அடுக்கைத்தான் காட்டுகிறது.

எனவே இங்கே கல்லை எடுப்பவர் தண்ணீரின் பாத்திரத்தையும் சேர்த்தே எடுக்கிறார். நிலத்தடி நீர்மட்டம் வரை குழி தோண்டினால் மூடிக் கிடந்த நீர் வெயிலுக்குத் திறந்து ஆவியாகும். தோட்டத்து உரமும் மலசலக் குழிக் கழிவும் மண்ணிலும் கல்லிலும் வடியாமல் நேரே நீருக்குள் இறங்கும். குடாநாட்டுக் கிணறுகளில் நைத்திரேற்று கூடுவது ஏற்கெனவே தெரிந்த ஆபத்து. சுண்ணக்கல்லின் சந்தை விலையில் இந்தச் சேதம் எதுவும் ஏறுவதில்லை. அந்த விலையை வைத்துக் கணக்கிடும் ரோயல்டியிலும் ஏறுவதில்லை.

காங்கேசன்துறை சொல்லும் பாடம்

குடாநாட்டில் சுண்ணக்கல் பெருந்தொழிலானது காங்கேசன்துறையில். 1950இல் உற்பத்தி தொடங்கிய அந்தச் சீமெந்து ஆலை, சுதந்திர இலங்கையின் முதற் பெரும் அரசுக் கைத்தொழில்களில் ஒன்று. அக்காலக் கைத்தொழில் அமைச்சர் ஜீ. ஜீ. பொன்னம்பலம். கல் பக்கத்துக் குழிகளிலிருந்து வந்தது. களிமண் மன்னார் முருங்கனிலிருந்து ரயிலில் வந்தது. பின்னாளில் காங்கேசன்துறைக் கிளிங்கர் காலிக்குப் போய் அங்கே அரைக்கப்பட்டது. நாட்டின் பாலங்களுக்கும் அணைகளுக்கும் மாடிகளுக்கும் வலிகாமம் வடக்கின் கல் போயிருக்கிறது. 1990இல் போர் ஆலையை நிறுத்தியது. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தார்கள். அந்த மண் நீண்டகாலம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது.

ஆலை வேலைவாய்ப்பையும் தொழில்நுட்பத் தேர்ச்சியையும் தந்ததை மறுக்க முடியாது. அது அரச நிறுவனம்; இலாபம் அரசுக்குப் போனது; கூலி ஊருக்கு வந்தது. ஆனால் இலாபத்திலோ எடுத்த கல்லின் அளவிலோ ஒரு பங்கை ஊருக்கென ஒதுக்கி, பிற்காலத்தில் குழிகளைச் சீர்செய்ய ஒரு நிதியைக் கட்டியெழுப்பும் ஏற்பாடு இருக்கவில்லை. ஆலை நின்றபோது சம்பளமும் நின்றது. குழிகள் மட்டும் மிஞ்சின. கனியம் ஒருமுறை தீர்ந்தால் மீளாது என்பதால் அதிலிருந்து வரும் பணத்தின் ஒரு பகுதி அதே நிலத்தில் நிலைத்த சொத்தாக மாற வேண்டும். வரிச் சீர்திருத்தத்தின் முதற் கொள்கையாகக் காங்கேசன்துறை நமக்குத் தருவது இதைத்தான்.

இது பழங்கதையும் அல்ல. அரசின் 2025 வரவுசெலவுத் திட்டம் காங்கேசன்துறை, பரந்தன், மாங்குளம் ஆகிய இடங்களில் கைத்தொழில் வலயங்களைப் பற்றிப் பேசியது. பெருந்தொழில் வடக்குக்குத் திரும்பும்போது சுண்ணக்கல் பற்றிய கேள்வியும் திரும்பும். விதிகளை அதற்கு முன்பே எழுதிவைக்க வேண்டும்.

மணலின் கதை

மணற்காடு, குடத்தனை, அம்பன், நாகர்கோவில் வரை நீளும் மணல்மேடுகளுக்கு வேறு பெறுமதி உண்டு. மழைநீரை உறிஞ்சி வைத்துக் கரையோரக் கிராமங்களுக்கு நன்னீர் தருபவை அவை. அலைக்கு இயற்கை அரணும் அவையே. 2004 டிசம்பர் 26இல் வடமராட்சி கிழக்கு என்ன பாடுபட்டது என்பதை அறிந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

போர் முடிந்த பின் வடக்கில் வீடு கட்டும் வேலை பெருகியது. வடக்கு, கிழக்கு, மலையகம் ஆகியவற்றுக்கான இந்திய வீடமைப்புத் திட்டம் மட்டுமே 50,000 வீடுகளைக் கொண்டது. மணலுக்குக் கேள்வி ஏறியது. சட்டப்படியான அனுமதிகளோ சிலவாகவே இருந்தன. இடைவெளியைக் கள்ள மணல் நிரப்பியது. 2017 ஜூலையில் மணற்காட்டுப் பகுதியில் மணல் ஏற்றியதாகச் சந்தேகிக்கப்பட்ட வாகனத்தின் மீது பொலிஸார் சுட்டதில் துன்னாலை இளைஞர் ஒருவர் உயிரிழந்தார். மணல் கொள்கையின் தோல்வி கடைசியில் வந்து விழுவது உழவு இயந்திரம் ஓட்டும் இளைஞர்களின் தலையில்தான். பெரிய அளவில் வாங்கி விற்பவர் பொலிஸ் பதிவேட்டில் அபூர்வமாகவே தென்படுவார்.

கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சிக்கல் தீரும் என்ற எண்ணத்தையும் நாடு சோதித்துப் பார்த்துவிட்டது. 2019 டிசம்பரில் மணல், மண், களி ஆகியவற்றை ஏற்றிச்செல்லப் போக்குவரத்து அனுமதி தேவையில்லை என்று அரசு முடிவெடுத்தது. நாடெங்கும் அகழ்வு கட்டுமீறியதாக முறைப்பாடுகள் எழுந்தன. சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றம் சென்றன. 2020இல் அம்முடிவுக்கு இடைக்காலத் தடை விழுந்தது. அந்த அனுமதிச் சீட்டு வெறும் காகிதமாகத் தோன்றலாம். ஆனால் எந்தக் குழியிலிருந்து எவ்வளவு போனது என்பதற்கு அதுதான் சான்று. அளவு தெரியாத பொருளுக்கு வரி விதிக்க முடியாது.

அதிகாரம் யாரிடம்?

1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுரங்கங்கள், கனியங்கள் சட்டம் கனியங்களின் உரித்தைக் குடியரசிடம் ஒப்படைக்கிறது. உங்கள் காணியாக இருந்தாலும் அடியில் உள்ள கனியத்தைத் தொழிலாக எடுக்க உரிமம் வேண்டும். ஆய்வு, அகழ்வு, போக்குவரத்து, வியாபாரம், ஏற்றுமதி என ஒவ்வொன்றுக்கும் உரிமம் வழங்குவதும் ரோயல்டி அறவிடுவதும் மத்திய நிறுவனமான சுரங்கப் பணியகம். நிலத்தைச் சீர்செய்வதற்கெனப் பிணைவைப்பு வாங்கும் ஏற்பாடும் உண்டு. இவை எல்லாம் கொழும்பின் தராசில் நிறுக்கப்படுபவை.

1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம் மாகாண சபைப் பட்டியலில், வருமான வழிகளுள் ஒன்றாகக் கனிய உரிமைகள் மீதான வரியைச் சேர்த்திருக்கிறது. பாராளுமன்றச் சட்டம் வகுக்கும் எல்லைக்கும் விலக்குகளுக்கும் உட்பட்டே அதை அறவிடலாம் என்பது நிபந்தனை. அதே திருத்தத்தின் ஒதுக்கிய பட்டியல் கனியங்களையும் சுரங்கங்களையும் மத்திக்கு வைத்துக்கொள்கிறது. கதவின் சாவி மாகாணத்திடம் இருப்பதுபோல் தெரிந்தாலும் பூட்டு பாராளுமன்றத்தின் கையில் இருக்கிறது.

வடக்கில் அந்தச் சாவியைத் திருப்பிப் பார்க்கக் கிடைத்த காலமும் குறைவு. 2013 செப்டம்பரில் தெரிவான வட மாகாண சபை 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்து கலைந்தது. அதன் பின் தெரிவான சபை இல்லாமல் ஆளுநரின் கீழ் நிர்வாகம் நடக்கிறது. வரி விதிக்கும் மாகாண நியதிச்சட்டத்தை இயற்றச் சபை வேண்டும். சபை இல்லாத மாகாணத்துக்குப் புதிய வரி என்பது பேச்சளவில்தான்.

மாகாணங்களின் ஏனைய வருமானமும் சுருங்கியே வந்திருக்கிறது. அவற்றின் முதன்மை வருவாயாக இருந்த புரள்வு வரி 2011 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டது. அதற்கு ஈடாக மத்தியின் தேச நிர்மாண வரியில் மூன்றிலொரு பங்கு தரப்பட்டது. 2019 டிசம்பரில் அந்த வரியே நீக்கப்பட்டது. மத்தி தரும் பங்கு மத்தியின் விருப்பத்தோடு மறையும் என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் வேண்டாம். கனியப் பங்கு கேட்கும்போதும் நிர்வாகச் சுற்றறிக்கையால் அல்லாமல் சட்டத்தால் கேட்க வேண்டும்.

பிரதேச சபைகளின் நிலை இன்னும் மோசம். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் வியாபார வரிக்கு வகுத்த உச்சவரம்பு ஆண்டுக்கு 3,000 ரூபா. வருடம் 1,50,000 ரூபாவுக்கு மேல் வரவுள்ள எந்த வியாபாரத்துக்கும் அதுதான் உச்சம். சந்தியில் உள்ள பெரிய பலசரக்குக் கடையும் நூற்றுக்கணக்கான லோட் கல் ஏற்றும் அகழ்வுத் தொழிலும் அந்த அட்டவணையில் ஒரே படியில் நிற்கும். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்தை எட்டிய நாட்டில், ரூபாவில் எழுதிய நிலையான தொகை ஒவ்வோர் ஆண்டும் தேய்கிறது.

சேலத்திலிருந்து டெல்லி வரை

இதே கேள்வியைச் சுண்ணக்கல்லை வைத்தே தமிழ்நாடு அறுபது ஆண்டுகளாகப் பேசிவருகிறது. 1958இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்துக்கு 1964இல் வந்த திருத்தத்தால், ரோயல்டியும் நிலவரியாகக் கணக்கிடப்பட்டு, ரூபாவுக்கு 45 காசு உள்ளூர் மேல்வரி விதிக்கப்பட்டது. சேலம் மாவட்டத்தில் சுண்ணக்கல் குத்தகை வைத்திருந்த இந்தியா சிமென்ட்ஸ் நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 1989 ஒக்ரோபர் 25இல் ஏழு நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற ஆயம், ரோயல்டி ஒரு வரி, அதன்மேல் மாநிலம் மேல்வரி விதிக்க முடியாது என்று தீர்ப்பளித்தது.

அந்தத் தீர்ப்பு முப்பத்தைந்து ஆண்டுகள் மாநிலங்களின் கையைக் கட்டிப்போட்டது. 2024 ஜூலை 25இல் தலைமை நீதிபதி டி. ஒய். சந்திரசூட் தலைமையிலான ஒன்பது நீதிபதிகள் ஆயம் எட்டுக்கு ஒன்று என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. ரோயல்டி என்பது குத்தகைக்காரர் உரிமையாளருக்குத் தரும் ஒப்பந்தப் பணம், அது வரி அல்ல; கனிய உரிமைக்கும் கனியம் தாங்கிய நிலத்துக்கும் மாநிலங்கள் வரி விதிக்கலாம் என்றது. ஆகஸ்ட் 14இல், 2005 ஏப்ரல் 1 முதலான நிலுவையை 2026இலிருந்து 12 ஆண்டுத் தவணையில் அறவிடவும் இடம் தந்தது. நீதிபதி பி. வி. நாகரத்னா மட்டும் மாறுபட்டார். மாநிலங்கள் போட்டி போட்டு வரி விதித்தால் கனிய வளர்ச்சி சிதறும் என்பது அவரது அச்சம்.

தமிழ்நாடு உடனே கனியம் தாங்கிய நிலவரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் 4இல் நடைமுறைக்கு வந்த அதன்படி சுண்ணக்கல் தொன்னுக்கு 160 இந்திய ரூபா விதிக்கப்பட்டது. சீமெந்து நிறுவனங்கள் விலையேற்றத்தைப் பற்றிப் பேசின. கல்குவாரி, கிரஷர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். வரி வந்தால் அதன் சுமை வீடு கட்டுபவர்மேலும் விழும் என்ற உண்மையை நாமும் மனதில் வைத்தே கணக்குப் போட வேண்டும்.

யாழ்ப்பாணத்துக்கு இந்த வழக்கு நேரே பொருந்துகிறது. இந்திய அரசியலமைப்பின் மாநிலப் பட்டியலும், 13ஆவது திருத்தத்தின் மாகாணப் பட்டியலும் கனிய உரிமை வரியை ஏறத்தாழ ஒரே வடிவில் சொல்கின்றன. இரண்டிலும் பாராளுமன்ற எல்லை உண்டு. இந்திய நீதிமன்றத் தீர்ப்பு இலங்கையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் ரோயல்டி வேறு, வரி வேறு என்ற பிரிப்பு இங்கே ஒரு வழியைத் திறக்கிறது. பணியகம் உரிமையாளரின் பணத்தை வாங்கிக்கொள்ளட்டும். மாகாணம் தன் வரியைத் தனியே அறவிடட்டும்.

பங்கு கிடைத்த இடங்களில் நடந்தது

பங்கைப் பெறுவதோடு வேலை முடிவதில்லை. இந்தியா 2015இல் ஒவ்வொரு சுரங்க மாவட்டத்துக்கும் மாவட்டக் கனிய அறக்கட்டளை அமைத்தது. பழைய குத்தகைகள் ரோயல்டியின் 30 வீதத்தையும், ஏலத்தில் விட்டவை 10 வீதத்தையும் அதற்குச் செலுத்த வேண்டும். பணம் குவிந்தது, ஆனால் பல மாவட்டங்களில் செலவாகாமல் தேங்கியது. முடிவெடுத்தவர்கள் பெரும்பாலும் அதிகாரிகள். பாதிக்கப்பட்ட கிராமசபைக்கு இடம் குறைவு.

பிலிப்பைன்ஸின் 1991 உள்ளூராட்சிக் கோவை, தேசிய அரசு பெறும் சுரங்க வருமானத்தில் 40 வீதத்தை உள்ளூராட்சிகளுக்கு உரித்தாக்கியது. அதை மாகாணத்துக்கு 20, நகரத்துக்கு 45, அடிமட்ட பரங்காய்க்கு 35 வீதம் எனப் பிரித்தும் எழுதியது. பெருவில் சுரங்க நிறுவனங்களின் வருமான வரியில் பாதி உற்பத்திப் பிரதேசங்களுக்குத் திரும்புகிறது. ஆனால் அங்கே சிறிய சபைகள் திடீர்ப் பணத்தைத் திறமையாகச் செலவிடத் தடுமாறின. பிரித்தானியா 2002இல் மணல், சரளை, கல் ஆகியவற்றுக்குத் தொன்னுக்கு 1.60 பவுண் வரியைக் கொண்டுவந்தது. இடித்த கட்டடத்திலிருந்து மீளெடுத்த கல்லை விலக்கியதால் மீள்பயன்பாடு இலாபமானது. ஸ்கொட்லாந்து 2024இல் அதை அதிகாரப் பகிர்வின்கீழ் தன் சொந்த வரியாக்கச் சட்டமியற்றியது.

இவற்றிலிருந்து எடுக்கக்கூடியவை மூன்று: பங்கு சட்டத்தில் எண்ணாக எழுதப்பட வேண்டும், செலவிடும் மன்றத்தில் பாதிக்கப்பட்டவர் உட்கார வேண்டும், புதிய கல்லைவிடப் பழைய கல் மலிவாக வேண்டும்.

வரி போதாத இடம்

கனிய வருமானம் கையில் வந்துவிட்டால் சபைகளே அகழ்வுக்கு ஆதரவாகிவிடும் என்பது இந்தச் சீர்திருத்தத்துக்கு எதிரான மிக வலிய வாதம். அது நியாயமானது. வரவுசெலவைச் சமப்படுத்தத் தவிக்கும் சபைத் தவிசாளருக்குப் புதிய கற்குழி ஒரு வரவு நிரலாகத் தெரியும். அதனால்தான் தடை வரிக்கு முந்த வேண்டும்.

இலங்கை உயர் நீதிமன்றம் இதற்கு வேண்டிய தத்துவத்தை ஏற்கெனவே தந்திருக்கிறது. எப்பாவல பொஸ்பேற் வழக்கில் 2000ஆம் ஆண்டில், இயற்கை வளத்தை அரசு மக்களுக்காகக் காக்கும் நம்பிக்கைப் பொறுப்பாளர் என்ற கோட்பாட்டை அது வலியுறுத்தியது. வழக்குத் தொடுத்தவர்கள் பெரும்பாலும் அந்த மண்ணின் விவசாயிகள். சுண்ணாக நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்த வழக்கில் 2019 ஏப்ரலில், மின் நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் என்று தீர்ப்பானது. அங்கே சேதம் நடந்து பல ஆண்டுகளுக்குப் பிறகே பணம் பற்றிய தீர்ப்பு வந்தது. கெட்ட நீரைப் பணத்தால் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

சில்லறைக் கல்லுடைப்பையும் சீமெந்துக்கான பேரகழ்வையும் ஒரே சட்டியில் போடுவது அடுத்த தவறு. வீட்டு அத்திவாரத்துக்கு ஒரு லோட் கல் வேண்டியவருக்கு எளிய, மலிவான அனுமதி உள்ளூரிலேயே கிடைக்க வேண்டும். அது கிடைத்தால் கள்ள மணலின் சந்தை சுருங்கும். வரி உயரும் இடம் பெருமளவு எடுத்து மாவட்டத்துக்கு வெளியே கொண்டுபோகும் தொழில்தான்.

செய்ய வேண்டியவை

முதலில் வரைபடம். நிலத்தடி நீர் ஊறும் பகுதிகள், மணல்மேடுகள், குடிநீர்க் கிணறுகளின் சூழல் ஆகியவற்றை அகழ்வு தடைப்பட்ட வலயங்களாக வர்த்தமானியில் அறிவிக்க வேண்டும். மற்ற இடங்களிலும் நீர்மட்டத்துக்கு மேல் ஒரு குறித்த தடிப்புக் கல் எஞ்சும்வரைதான் தோண்டலாம் என்று ஆழ எல்லை வேண்டும்.

இரண்டாவது, 13ஆவது திருத்தம் எதிர்பார்த்த எல்லைகளைப் பாராளுமன்றம் தெளிவான சட்டமாக்கி, மாகாணக் கனிய உரிமை வரிக்கு இடம்விட வேண்டும். விலை ஏறினால் வரியும் ஏறும்படி வீதமாகவோ, சுட்டெண்ணோடு கட்டிய தொகையாகவோ அது அமைய வேண்டும். மத்தி வாங்கும் ரோயல்டியிலும் ஒரு நிலையான பங்கு அகழ்வு நடக்கும் பிரதேச சபைக்கு நேரே போக வேண்டும்.

மூன்றாவது, அளவை. குழிவாயிலில் நிறுவைப்பாலம், டிப்பருக்கு ஜி.பி.எஸ்., இலத்திரனியல் அனுமதிச்சீட்டு ஆகியவை வேண்டும். எந்தக் குழி, எத்தனை கியூப், எவ்வளவு பணம் என்ற பட்டியல் மாதாமாதம் சபை அறிவித்தல் பலகையில் தமிழில் தொங்க வேண்டும்.

நான்காவது, பணத்தின் பயன். பாதி தெருவுக்கும் குடிநீருக்கும். மீதி குளங்களைத் தூர்வாரவும், மழைநீரை நிலத்துக்குள் இறக்கவும், பழைய குழிகளைச் சீர்செய்யவும். இதை முடிவெடுக்கும் குழுவில் கமக்கார அமைப்புகளும் கடற்றொழிலாளர் சங்கங்களும் பெண்களும் வாக்குரிமையோடு இருக்க வேண்டும். இடித்த கட்டடக் கல்லுக்கு முழு வரிவிலக்கும், நீர்வில்லை இல்லாத இடத்திலிருந்து வரும் வன்னிக் கருங்கல்லுக்குக் குறைந்த வரியும் குடாநாட்டின் சுமையைக் குறைக்கும். மன்னார்த் தீவின் கனியமணல் திட்டங்கள் பற்றி மக்கள் எழுப்பும் எதிர்ப்பையும் இந்த வரியை விதிக்கும் மாகாண நியதிச்சட்டம் முகங்கொள்ள வேண்டும். மாகாணம் என்பது யாழ்ப்பாணம் மட்டுமல்ல.

இவை அனைத்துக்கும் முன்நிபந்தனை மாகாண சபைத் தேர்தல். உள்ளூராட்சிச் சபைகள் 2025 மே தேர்தலோடு மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்துவிட்டன. மாகாணத்தில் மட்டும் வரி விதிக்கவோ தடை விதிக்கவோ மக்களுக்குப் பதில்சொல்லும் மன்றம் இல்லை. அதுவரை உள்ளூராட்சிச் சபைகள் தடை வலய வரைபடத்துக்கான தீர்மானங்களை நிறைவேற்றி மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுவில் வைக்கலாம். பல்கலைக்கழகத்தின் நீரியல் அறிவையும் ஊர்க் கமக்காரரின் கிணற்று அனுபவத்தையும் சேர்த்து அந்தக் கோட்டைக் கிழிக்கத் தேர்தலுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கல்லின் விலையைச் சந்தை சொல்லும். அதில் ஊரின் பங்கைச் சட்டம் சொல்ல வேண்டும். எந்தக் கல்லை விற்கவே கூடாது என்பதைச் சொல்லும் பொறுப்பு அதைக் குடித்து வாழும் நம்முடையது.